எதிரிக் கூண்டில் உத்தியோகத்தர்

பழைய மாணவர் சங்க விழா மலருக்குக் கட்டுரை வரைவோர் பெரும்பாலும் தமக்கு எழுத்தறிவித்த ஆசான்களைப் போற்றுவர். அன்றேல் விளையாட்டுத் திடலிற் பெற்ற வெற்றிகளை நினைவு கூருவர். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ விழாக் காலத்துக்கு அத்துணை இனியதன்று. இலஞ்சம் வாங்கினார் எனக் குற்றஞ் சாட்டப்பெற்ற அரசாங்க உத்தியோகத்தருக்காக ஒரு சட்டத்தரணி நீதிமன்றில் எழுந்து வாதிடல் தகுமோ என்பதே அது. வன்னியிலும் கொழும்பிலுமாக 40 ஆண்டுகளுக்கு மேல் இத்தொழிலைச் செய்த எம்மை, உடன் பயின்ற நண்பர்களே இவ்வினாவாற் பலகாலும் மடக்கியுள்ளனர். "ஏழைக் கமக்காரனின் வயிற்றில் அடித்தவனுக்காகப் பேச உமக்கு நா எழுகின்றதா?" என்பர். அங்ஙனம் கேட்டோருட் பலர் தாமும் அரசாங்கக் கதிரையில் அமர்ந்திருந்தவர்களே.

இம்மலரினும் இவ்வினாவுக்குப் பொருத்தமான இடம் வேறில்லை என்பது எம் எண்ணம். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்பது நம் பெற்றோர் நமக்குச் சொல்லித்தந்த முதற் பாடம். அதன்படியே நம் கல்லூரி நாட்டுக்கு ஈந்த அறுவடையிற் பெரும்பங்கு எழுதுவினைஞரும், காணி உத்தியோகத்தரும், நீர்ப்பாசனத் தொழில்நுட்ப உத்தியோகத்தரும், கிராம உத்தியோகத்தருமாய்க் கச்சேரிகளிலும் கந்தோர்களிலும் பரந்திருக்கின்றது. அவர்களுள் எவர்மீதும் நாளை ஒரு முறைப்பாடு எழலாம். அப்போது எழுந்து பேச ஒருவர் வேண்டும். அவ்வாறு பேசுதல் இலஞ்சத்துக்குத் துணைபோதல் அன்று என்பதையும், இலஞ்சத்தை உண்மையாக வெறுப்பவர்க்கே அது முதற்கண் வேண்டப்படுவது என்பதையும் இங்கே கூற விழைகின்றோம்.

இலஞ்சம் சிறு தீமையென்று எவரும் கருதற்க. வன்னி நிலத்தில் அது வேரூன்றத் தக்க காரணமும் உண்டு. யாழ்ப்பாணத்துக் குடும்பம் தன் காணிக்கு உறுதி வைத்திருக்கும். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, பாவற்குளம் முதலிய குளங்களின் கீழ்க் குடியேறிய கமக்காரனிடம் இருப்பதோ 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பெறும் அனுமதிப்பத்திரம். ஊர்வழக்கிற் சொன்னால் 'பேமிற்'. அக்காணியைத் தன் விருப்பப்படி விற்கவும் ஈடு வைக்கவும் அவனுக்கு இயலாது. அவன் இறந்தபின் பின்னுரித்தாளரின் பெயரைப் பதிவதற்கு ஒரு கையொப்பம் வேண்டும். எல்லை பிணக்குற்றால் ஓர் அறிக்கை வேண்டும். வாய்க்காலில் முறைநீர் பெற ஒரு சொல் வேண்டும். வீட்டுதவிப் பணத்தின் அடுத்த கட்டத்தைப் பெற ஓர் அத்தாட்சி வேண்டும். 2009 இல் முடிவுற்ற போரின் இடப்பெயர்வுகளில் எத்தனையோ குடும்பங்கள் தம் பத்திரங்களை இழந்தன. இழந்தவற்றின் படியைப் பெறுதற்கும் மீண்டும் அதே மேசைக்கே செல்லல் வேண்டும். ஒரு கையொப்பத்திற் குடும்பத்தின் வாழ்வு முழுதும் தொங்கும் இடத்தில், அக்கையொப்பத்தை விலை கூற எண்ணுபவனும் தோன்றுவான்.

இவ்விலைக்கு நம் மக்கள் வழங்கும் பெயர்கள் கருதத்தக்கவை. கப்பம் என்னும் சொல் வன்னிக்குப் பழையது. ஒல்லாந்தர் காலத்தில் வன்னியர்கள் யானைகளைத் திறையாகச் செலுத்திவந்தனர். திறையைக் குறித்த கப்பம் என்னும் அச்சொல்லே இன்று அச்சுறுத்திப் பறிக்கும் பணத்தைக் குறிக்கின்றது. இதற்கு நேர்மறுதலையாகச் 'சந்தோசம்' என்றொரு சொல்லும் உண்டு. காரியம் முடிந்தபின் மகிழ்ந்து கொடுப்பது என்பது அதன் வெளிப்பொருள். "ஐயா, ஒரு சந்தோசம்" என்று நீட்டும் கை உண்மையில் மகிழ்ந்து நீட்டுகின்றதா, அடுத்த முறையும் இம்மேசைக்கு வரவேண்டுமே என அஞ்சி நீட்டுகின்றதா என்பதை அக்கைக்குரியவனே அறிவான். இனி, ஆனி ஆடியிற் பாலைப்பழமும், காட்டுத் தேனும், புது நெல்லும் கொண்டுசென்று கொடுப்பது வன்னி மக்களின் விருந்தோம்பற் பண்பு. அது எவ்விடத்தில் இலஞ்சமாய் மாறுகின்றது என்று கோடு கிழித்தல் எளிதன்று.

சட்டமும் இவற்றைப் பிரித்தே நோக்கிற்று. நம் நாட்டின் 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் அச்சமூட்டிப் பறித்தல் ஒரு குற்றம். அரசாங்க ஊழியர் தம் கடமையின் பொருட்டுக் கைம்மாறு பெறல் வேறொரு குற்றம். முன்னதிற் கொடுத்தவன் பாதிக்கப்பட்டவன்; பின்னதிற் கொடுத்தவனும் பங்காளி. ஐக்கிய அமெரிக்காவின் மத்திய அரசு இவ்விரண்டையும் ஏறத்தாழ ஒன்றாக்கியது. அங்கு 1946 ஆம் ஆண்டின் ஹொப்ஸ் சட்டத்தின்படி, பதவியின் உரிமை என்னும் போர்வையிற் பணம் பெறுதலும் பறித்தலேயாகும். அதற்கு 20 ஆண்டு வரை சிறை. ஜோர்ஜியா மாநிலத்தில், காணி அபிவிருத்தியாளராய் வேடம் பூண்ட துப்பறிவாளர் ஒருவரிடம் 7000 டொலர் காசாகவும் 1000 டொலர் காசோலையாகவும் பெற்ற ஈவன்ஸ் என்னும் உள்ளூராட்சி உறுப்பினரின் வழக்கில், அவர் தாமாகக் கேட்டார் என நிறுவவேண்டியதில்லை, கைம்மாறு இன்னதற்கென்று அறிந்து பெற்றமையே போதும் என 1992 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஆயினும் அதே நீதிமன்றம் 2016 இல் வேர்ஜினியாவின் முன்னாள் ஆளுநர் மக்டொனலின் தண்டனையை ஒருமனதாக நீக்கியது. அவரும் மனைவியாரும் ஒரு வணிகரிடமிருந்து பெற்ற பரிசுகளும் கடன்களும் 175,000 டொலருக்கு மேற்பட்டவை. அச்செயலை நீதியரசர்கள் மெச்சினாரல்லர். ஒருவரைப் பிறிதொருவருக்கு அறிமுகஞ் செய்துவைத்தலும், கூட்டமொன்றுக்கு ஏற்பாடு செய்தலும் மட்டும் சட்டங் கூறும் பதவிச் செயல் ஆகா என்றே தீர்த்தனர். எதனைப் பெற்றார் என்பதோடு எதற்காகப் பெற்றார் என்பதையும் வழக்குத் தொடுநர் நிறுவவேண்டும் என்பது இதன் சாரம். எதிர்வாதம் செய்வோரின் தொழில் முழுதும் இவ்விரு வினாக்களுள் அடங்கும்.

நம் நாட்டுக்கு மீள்வோம். 1954 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க இலஞ்சச் சட்டம் அரை நூற்றாண்டுக்கு மேல் இத்துறையை ஆண்டது. அரசாங்க ஊழியர் கைம்மாறு கேட்டாலும் பெற்றாலும் 7 ஆண்டு வரை கடூழியச் சிறையும் 5000 ரூபா வரை தண்டமும் விதித்த சட்டம் அது. அதன் 79 ஆம் பிரிவு எம் போன்றோரைப் பல இரவுகள் உறங்கவிடாதது. 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தில் உடந்தையாளனின் சாட்சியம் ஐயத்தோடு நோக்கப்படுவது. இலஞ்சச் சட்டமோ, கொடுத்தவர் தகுதியுள்ள சாட்சி என்றும், அவரை உடந்தையாளராகக் கருதலாகாது என்றும், அவரது சாட்சியத்துக்கு வேறு துணை இல்லாமையால் மட்டும் குற்றத்தீர்ப்புப் பிழைபட்டதாகாது என்றும் கூறிற்று. இதற்குக் காரணம் உண்டு. இலஞ்சம் ஊரறியக் கொடுக்கப்படுவதன்று. கொடுத்தவனை நம்பாவிடின் எந்த வழக்கும் நில்லாது. சட்டத்தை யாம் குறைகூறவில்லை. ஒருவரின் வாய்ச்சொல்லே மற்றொருவரைச் சிறைக்கு அனுப்பப் போதுமென்றால், அவ்வாய்ச்சொல்லை வரிவரியாகச் சோதிக்க ஒருவர் வேண்டும் என்பதே எம் கூற்று. அவரையே எதிரித் தரப்புச் சட்டத்தரணி என்கின்றோம்.

தமிழ்நாட்டிலும் இந்தியாவின் பிற மாநிலங்களிலும் பொறிவைக்குங்கால், கொடுக்கப்படும் நோட்டுகளிற் பினோப்தலீன் என்னும் தூளைத் தடவுவர். பெற்றவரின் விரல்களைச் சோடாக் கரைசலிற் தோய்க்க, நீர் இளஞ்சிவப்பாய் மாறும். நீரின் நிறத்தைக் கண்டோர் இனி வழக்கே வேண்டாமென்று கருதுவர். ஆயின் பணம் கைக்கு வந்தமையைத்தான் அந்நிறம் காட்டும். கேட்டு வந்ததா, கடனாய் வந்ததா, அறியாமல் வந்ததா என்பதைக் காட்டாது. கைப்பற்றிய பணம் மட்டும் போதாது, கேட்டமை நிறுவப்படல் வேண்டும் என இந்திய உச்ச நீதிமன்றம் 2014 இல் ஜெயராஜ் வழக்கிற் கூறியது. முறைப்பாட்டாளர் இறந்துபடினும் பிறழ்ந்து பேசினும் சூழ்நிலைச் சான்றுகளால் அதனை நிறுவலாம் என 2022 இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட ஆயம் விளக்கிய போதும், நிறுவவேண்டும் என்னும் விதியை அவர்கள் கைவிட்டாரல்லர்.

எம் அனுபவத்திலிருந்து இரண்டு வழக்குகளைச் சொல்லுதும். முதலாவது 1970களின் இறுதியில் நிகழ்ந்தது. சட்டத்தரணிகளை ஊரவர் பிறக்கிராசியார் என்றே அழைத்த காலம் அது. யாம் மூத்த சட்டத்தரணி ஒருவருக்குத் துணையாய் நின்றோம். எதிரி வன்னியில் ஒரு கந்தோரின் காணிப்பகுதி எழுதுவினைஞர். இறந்த தந்தையின் அனுமதிப்பத்திரத்தில் தன் பெயரைப் பதிய 300 ரூபா கேட்டார் என்பது முறைப்பாடு. கொழும்பிலிருந்து வந்த குழுவினர், இலக்கங் குறிக்கப்பெற்ற மூன்று நூறு ரூபா நோட்டுகளை அவருடைய மேசைமீதிருந்த கோவை ஒன்றினுள் கண்டெடுத்தனர். ஊர் அன்றே தீர்ப்புக் கூறிவிட்டது. அவர் சம்பளம் நின்றது. நான்கு ஆண்டுகள் அவர் பிறர் வயலைக் குத்தகைக்கு எடுத்து உழுதார். தவணை தோறும் வவுனியாவில் யாழ்தேவி ஏறிக் கொழும்பு சென்று மீண்டார்.

வழக்கைத் தீர்த்தது எவருடைய நாவன்மையும் அன்று. கந்தோரின் அனுப்புக் கடிதப் பதிவேடு. மூத்தவர் அதனை நீதிமன்றுக்கு அழைப்பித்து, ஒரு பக்கத்தை விரித்து, முறைப்பாட்டாளரிடம் தணிந்த குரலில் வினவினார். பணம் கேட்கப்பட்டதாய்ச் சொல்லப்பட்ட நாளுக்கு 11 நாள் முன்னரே அக்காணியின் கோவை, தமையனாரின் பெயருக்குப் பரிந்துரைக்கப்பட்டுக் கச்சேரிக்கு அனுப்பப்பட்டிருந்தது. பணத்துக்குச் செய்யவேண்டிய காரியம் எழுதுவினைஞரின் கையிலேயே இல்லை. அப்பரிந்துரையை முறைப்பாட்டாளர் முன்னரே அறிந்திருந்தார் என்பதும் குறுக்கு விசாரணையில் வெளிவந்தது. நோட்டுகள் கோவையுள் எவ்வாறு புகுந்தன என்பதைக் கண்டவர் எவருமிலர். எதிரி விடுவிக்கப்பட்டார்.

விடுதலைக்குப் பின் நடந்ததே எம்மை இன்றும் வருத்துவது. "காசு கொடுத்துத் தப்பினான்" என்றனர் ஊரவர். இலஞ்ச வழக்கிலிருந்து இலஞ்சங் கொடுத்தே தப்பினார் என்ற சொல்லுக்கு எந்த நீதிமன்றில் மேன்முறையீடு செய்வது? அவர் மீண்டும் கதிரையில் அமர்ந்து சில மாதங்களில் இளைப்பாறினார். அயல்வீட்டார் கொடுத்தனுப்பிய பாலைப்பழத்தையும் அவர் திருப்பி அனுப்புவார் எனப் பின்னர் அறிந்தோம். முறைப்பாட்டை ஒரே நாளில் நம்பிய நம்மவர், தீர்ப்பை நம்புதற்கு ஓர் ஆயுட்காலம் போதவில்லை.

இரண்டாவது வழக்குப் போருக்குப் பிற்பட்டது. வீட்டுதவிப் பணத்தின் கட்டங்களுக்கு அத்தாட்சி வழங்கும் உத்தியோகத்தர் ஒருவர்மீது, கணவனை இழந்த பெண்ணொருவர் முறையிட்டிருந்தார். யாம் எதிரிக்காக நின்று, அவ்வம்மையாரைச் சோதிக்கவேண்டிய அளவுக்குச் சோதித்தோம். அவர் சொல் அசையவில்லை. நாளும் நேரமும் பிழையாது சொன்னார். கூரைத்தகடு வாங்க வைத்திருந்த பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்ததையும் சொன்னார். எதிரி தண்டனை பெற்றார். அது நேரிய தீர்ப்பே. நண்பர்கள் எம்மிடம் கேட்கும் வினாவுக்கு இவ்வழக்கும் விடையாகும். சோதிக்கப்பட்டு நிலைத்த சாட்சியத்தின்மேல் எழுந்தமையால் அத்தீர்ப்பை எவரும் குறைகூற இயலவில்லை. "ஆள் இல்லாதவனை மாட்டிவிட்டார்கள்" என்று சொல்ல அவர் உறவினருக்கும் வாய் எழவில்லை. எதிர்வாதம் முதலாமவரைக் காத்தது. இரண்டாம் வழக்கில் அவ்வேழைப் பெண்ணின் உண்மைக்கு வலுச் சேர்த்தது.

இலஞ்சத்தை விரைந்து ஒழிக்கும் ஆர்வம் அரசுகளையும் வரம்பு கடக்கச் செய்வதுண்டு. 1958 இல் இலஞ்சச் சட்டம் திருத்தப்பட்டு, இவ்வழக்குகளை விசாரிக்கத் தனி நியாயசபைகள் அமைக்கப்பட்டன. அவற்றின் உறுப்பினரை நியமித்தவர் மகாதேசாதிபதி. அமைச்சரின் ஆலோசனைப்படி நியமித்தார். நீதி வழங்குவோரை நீதிச் சேவை ஆணைக்குழுவே நியமித்தல் வேண்டும் என்பது அந்நாளைய அரசியல் யாப்பின் 55 ஆம் பிரிவு. அச்சபையொன்றால் தண்டிக்கப்பட்ட ரணசிங்க என்பார் இவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டி முறையிட, நம் உயர் நீதிமன்றம் அத்தண்டனையைச் செல்லாததாக்கியது. இலஞ்ச ஆணையாளர் இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றார். 1964 இல் அம்மன்றமும் நம் நீதிமன்றின் தீர்ப்பையே உறுதி செய்தது. யாப்பை மாற்றவேண்டின், அதற்கென யாப்பே வகுத்த மூன்றில் இரு பங்குப் பெரும்பான்மையோடும் சபாநாயகரின் அத்தாட்சியோடும் மாற்றுக. சாதாரணச் சட்டத்தால் அதனைக் கடக்கலாகாது என்றது. இன்றும் பல நாடுகளின் சட்ட மாணவர் அத்தீர்ப்பைக் கற்கின்றனர். பாராளுமன்றமும் தன்னை ஆக்கிய விதிக்கு அடங்கியது என்னும் பெரும் உண்மையை உலகுக்கு உணர்த்தியது, இலஞ்சக் குற்றஞ் சாட்டப்பெற்ற ஒருவரின் எதிர்வாதம் என்பதை நண்பர்கள் எண்ணிப் பார்ப்பாராக.

பின்னர் 1994 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் மூவர் கொண்ட ஆணைக்குழுவை நிறுவியது. 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அவ்வாண்டு செப்டெம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்து, பழைய சட்டங்களின் இடத்தைப் பெற்றது. பாலியல் இணக்கத்தைக் கைம்மாறாய்க் கேட்டலும் அதில் வெளிப்படையாய்க் குற்றமாக்கப்பட்டது. கணவனையும் காணியையும் இழந்த பெண்கள் பலர் தனித்து வாழும் வன்னியில், இவ்வேற்பாட்டின் அருமை சொல்லாமலே விளங்கும். பொய்யென அறிந்தே முறையிடுவோருக்கும் அச்சட்டத்தில் தண்டனை உண்டு. இவற்றுக்கெல்லாம் மேலாக 1978 ஆம் ஆண்டு யாப்பின் 13 ஆம் உறுப்புரை நிற்கின்றது. குற்றஞ் சாட்டப்பட்டவர் நேர்மையான விசாரணையில், தாமாகவோ சட்டத்தரணி வாயிலாகவோ கேட்கப்படற்கு உரியவர். குற்றவாளி என நிறுவப்படும் வரை குற்றமற்றவர் எனக் கொள்ளப்படுபவர்.

இதனை வன்னி மக்களுக்குச் சட்டநூல் கொண்டுதான் விளக்கவேண்டும் என்பதில்லை. நந்திக்கடலோரத்து வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலுக்குத் திரள்வோர் யாரை வணங்குகின்றனர்? முல்லைத்தீவுப் பகுதியில் தலைமுறை தலைமுறையாய் ஆடப்படும் கோவலன் கூத்து யாருடைய கதை? குற்றஞ் சாட்டியவன் பொற்கொல்லன். உண்மையிற் களவெடுத்தவனும் அவனே. அரசன் வினவவில்லை; கோவலனுக்காகப் பேச எவரும் அழைக்கப்படவில்லை. சிலம்பினுள் இருப்பது முத்தா மாணிக்கமா என்னும் ஒரேயொரு வினாவை எவராவது வாள் வீசுமுன் கேட்டிருப்பின் மதுரை எரிந்திராது. அவ்வினாவைக் கண்ணகி கேட்டாள், வாதில் வென்றாள். எதிரியோ உயிரோடில்லை. அத்தாயின் சந்நிதியிற் பொங்கும் நாம், கூண்டில் நிற்பவனுக்கு வாதம் எதற்கு என்று கேட்கலாமா?

இளைய உத்தியோகத்தர்களாகிய நம் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சில சொற்கள். பெறும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பற்றுச்சீட்டுக் கொடுமின்; அனுப்பும் ஒவ்வொரு கோவைக்கும் நாளிடுமின். உங்களைக் காக்கும் சட்டத்தரணி பிறக்குமுன்னரே உங்களைக் காக்கத் தொடங்குவது அப்பதிவேடு. தேனாயினும் பழமாயினும் கந்தோர் வாயிலுக்கு வெளியே நிற்கட்டும். பொதுமக்களுக்கும் ஒரு சொல்: கேட்டவன் உண்மையாகக் கேட்டிருப்பின் அஞ்சாது முறையிடுக. ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கமும் 1954 என்பதே; முதற் சட்டம் பிறந்த ஆண்டு ஆகலின் மறத்தற்கு அரிது. முறையிட்டபின், எதிரியின் மறுமொழியையும் நீதிமன்று கேட்டு முடியும் வரை பொறுத்திருக்க. சட்டத் தொழிலை மேற்கொள்ளும் மாணவர்களோ, ஊர் வெறுக்கும் எதிரி ஒருவர் தம் படலையைத் தட்டும் நாளில் அதனைத் திறக்கும் துணிவுடையராகுக.

நம் கல்லூரி நல்ல உத்தியோகத்தரையும், அவர்மேற் பழி வருங்கால் எழுந்து பேசத்தக்க நாவலரையும் ஒருங்கே நாட்டுக்கு ஈந்து நீடு வாழ்க.